டிரைவர் வீட்டு இரண்டு வாளிகள்

டீப்பையைக் கோப்பையிலிருந்து தூக்கி, கடைசிச் சொட்டு வரை பிழிந்து, எந்த வாளி கைக்கு எட்டுகிறதோ அதில் போட்டுவிடுவார் டிரைவர். பச்சை வாளி ஈரக் குப்பைக்கு, நீல வாளி காய்ந்த குப்பைக்கு என்ற மனைவியின் ஏற்பாடு அவரிடம் செல்லாது.

"அதுல குட்டியா ஒரு பின்னு இருக்குங்க. கழட்டிட்டுப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எல்லாம் ஒரே லாரியிலதானம்மா போகுது. பின்னுக்குத் தனி டிக்கெட்டா போடப் போறாங்க?"

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடிப்படித் திருப்பத்திலும் வலது பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்துகொள்வார். மனைவிக்கு அவர் வைத்த பெயர் கண்டக்டர். "என் கண்ணு முன்னால போற வண்டிய நான் தவறவிட்டதே கிடையாது" என்று அவர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் இல்லை.

கண்டக்டருக்குப் பெருமை பேச நேரமில்லை. பால் பாக்கெட்டைக் கழுவி, குழாயின் கழுத்தில் காயப்போட்டு, அப்புறம்தான் நீல வாளியில் சேர்ப்பார். முட்டிவலியோடு மாடி மாடியாக ஏறி இறங்கி, எல்லா வீடுகளையும் பிரித்துப் போட வைத்தவர் அவர்தான். கடைசியாக வழிக்கு வந்தவர் மேல்மாடித் தையல்காரர். அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: "எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டறாங்கன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே நான் நிறுத்திடுவேன்க்கா."

ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் ஒரு நாள் காலையில் டிரைவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்பை லாரியின் பின்னால் போனார்.

லாரி மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சுவரோரம் நின்றது. தனித்தனி மூட்டைகளாக ஏற்றி வந்ததையெல்லாம் ஒரே குவியலாகக் கவிழ்த்தார்கள். அழுகிய காய்கறியின் மேல் ஒரு பால் பாக்கெட், துளி அழுக்கில்லாமல் கிடந்தது. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது தையல்காரர் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே குழாயடியில் மனைவி.

"என்ன டிரைவர் சார், போன காரியம் என்னாச்சு?"

குழாய்ச் சத்தம் நின்றது.

"சிக்னல்ல விட்டுட்டேன்பா."

"குப்பை லாரியவா? அது நடக்கற வேகத்துலல்ல போகும்."

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

தையல்காரர் சிரித்தபடியே மாடி ஏறினார். சாயந்திரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விடும்.

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். டிரைவர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். டீப்பையைப் பிழிந்து, அதன் தலையிலிருந்த பின்னை நகத்தால் நெம்பிக் கழற்றினார். பையைப் பச்சை வாளியில் போட்டார். பின்னை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து, நீல வாளி வரை நடந்தார்.