தறி நின்றபோது

காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நான் பாடப்போகிறேன் என்பதற்காகத்தான். அந்தக் கோவைக் காபிக்கடையில் சட்டென்று வந்த அமைதியில், கிடாரோடு மைக் முன்னால் நின்றேன்.

பல்லடத்தில் எங்கள் விசைத்தறிக் குடோனில் ஒருநாள் இதே அமைதி வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எட்டுத் தறிகளும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தத் துணிச்சலில், தறியின் தாளத்துக்கு நானே பாட்டுக் கட்டிப் பாடுவேன். அன்று அப்பாவின் கோபத்தைக் கேலி செய்து பாடிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. என் குரல் மட்டும் குடோன் முழுக்கக் கேட்டது. மீசையில் பஞ்சுத்தூசியோடு அப்பா திரும்பினார்.

“ஏனுங்க அம்மணி, நிறுத்திப்போட்டீங்க? மிச்சத்தையும் பாடுங்க.”

நான் பாடவில்லை. கரண்ட் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

இப்போது அந்த மிச்சத்தைத்தான் எழுதி எடுத்து வந்திருந்தேன். தறிச் சத்தத்தில் பாதிக் காது போன அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே கிடாரைத் தொட்டேன்.

அப்பா எழுந்து, நாற்காலியை ஸ்பீக்கர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.