வாளி கீறிய விரல்

என் வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது, பிடிவாதம் உண்டு. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலின் மடைப்பள்ளியில் வேலை. வருஷக்கணக்காகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரை அந்த வருஷத்து உத்ஸவத்துக்குத்தான் பாயசம் கிண்டும் பெரிய உருளிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொடியேறிய அன்று விடியற்காலையில், கிணற்றடி வாளியின் துருப்பிடித்த விளிம்பு அவருடைய வலது ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. ஒரு நெல் நீளம்கூட இருக்காது. ஆனால் ரத்தக் காயம் உள்ளவர், அது ஆறும்வரை மடைப்பள்ளிக்குள் போகக் கூடாது என்பது வழக்கம். சொன்னால் உருளி வேறு கைக்குப் போய்விடும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கீறலின் மேல் அப்பிக்கொண்டு புறப்பட்டார்.

"ரெண்டு நாள் ஆத்திலேயே இருங்கோளேன்" என்றேன்.

"வெளியிலே மூச்சு விடாதே. தன்னால ஆறிடும்."

ஆறவில்லை. பொழுதெல்லாம் ஈரத்தில் புழங்கும் கை. பூச்சு மேலே காய்ந்து மூட, உள்ளே சீழ் பிடித்தது. தீட்டு எங்கிருந்து ஒட்டும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கீறலுக்குள் துருவோடு என்ன போயிற்று என்று ஒருவரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

விரல் கத்தரிக்காயாக வீங்கி, அக்குளில் நெறி கட்டி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். சாலைக் கடைத்தெரு டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் மலையாளி, எங்கள் தமிழைத் தம் இழுப்பில் பேசுவார்.

"ஸ்வாமி, அன்னைக்கே சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி கெட்டியிருந்தாப் போதும், கேட்டோ. இனி கீறித்தான் சீழ் எடுக்கணும்."

டிங்சர் புட்டியைத் திறந்ததும் இவர் கையை இழுத்துக்கொண்டார். "அதிலே சாராயம் இருக்கு. அது பட்ட கையோட கோவிலுக்குள்ளே எப்படிப் போவேன்?"

எனக்கு வந்ததே கோபம். "கையே போயிடுத்துன்னா எப்படிப் போவேள்?" என்று கேட்டு, அந்தக் கையை என் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கீறினார். இவர் கத்தவில்லை. நான்தான் அழுதேன்.

கை பிழைத்தது. விரல் மடங்காமல் நின்றுவிட்டது. துடுப்பைப் பிடிக்க முடியாது என்று உருளிக்கு வேறொருவரை வைத்தார்கள். இவர் யாரையும் குறை சொன்னதில்லை. சாப்பிடும்போது அந்த விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். சாதம் நழுவி இலையில் விழும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. மறுநாள் சாதத்தை இன்னும் கொஞ்சம் குழைய வடிக்கிறேன்.