கடல் பக்கச் சுவர்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் ஆண்டவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அவர் கோயிலிலேயே முழங்காலில் கிடந்து அழுதேன். அன்னையின் பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியம். திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பத்தில் குடியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பெயின்டிங் வேலை. எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி என்று சாரம் கட்டி ஏறாத உயரம் இல்லை. அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்கள் மாதா கோயிலை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி வளைந்து நிற்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய தூணில் கன்னத்தை வைத்தால் மே மாதத்திலும் சில்லென்று இருக்கும். கட்டடக்கலை படிக்கிற காலேஜ் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்து வரைவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். மற்ற கோயில்களில் கோபுரம் வாசல் பக்கம் இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் பீடத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து நிற்கிறது என்பார்கள். முன்னால் இடம் பத்தவில்லை என்று நான் அடித்துவிடுவேன். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. எப்போதும் வெள்ளைதான் அடிப்பார்கள். நான்தான் பங்குக் கூட்டத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, மாதாவின் மேலாடை நிறத்தில் வானநீலம் அடிக்கலாம் என்றேன். ஃபாதருக்கு அரை மனசு. மற்றவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

எதிர்த்தது ஒரே ஒருவன். என் மச்சான் தாஸ். என் மனைவி ரீட்டாவின் தம்பி. தாய் போனபோது அவனுக்கு ஆறு வயது. ரீட்டாதான் சோறூட்டி வளர்த்தாள். இப்போது ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறான்.

"மாமா, கடல்லேர்ந்து பாக்கசொல்லோ அந்த வெள்ளைதான் எங்களுக்கு அடையாளம். நீலம் அடிச்சா வானத்தோட வானமா பூடும்" என்றான்.

எங்கள் கரையில் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டி நீட்டிவிட்டிருக்கிறார்கள். இரண்டு கல்வரிசைக்கு நடுவில் உள்ள சந்தில்தான் போட்டு நுழைய வேண்டும். கோபுரமும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்தால் அதுதான் சந்து. கொஞ்சம் விலகினால் கல். போனில் மேப் இருக்கிறதே என்று கேட்டேன். போனை நம்பினால் தண்ணீர் பட்ட அன்றைக்குச் செத்தோம் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோயிலு கட்னது கும்பிடறதுக்குடா. உன் போட்டுக்கு வழி காட்றதுக்கா?"

அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவான், அக்காவிடம் பேசுவான், என்னிடம் பேசமாட்டான்.

கோபுரத்தின் மூன்று பக்கமும் நீலம் அடித்து முடித்தேன். கடல் பக்கம் மட்டும் பிரைமர் என்கிற வெள்ளை அடிப்பூச்சோடு நின்றது. அதைத் தொட்டால் தாஸ் சண்டைக்கு வருவான். அதனால் அவன் கடலில் இருக்கும் நாளாகப் பார்த்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அந்த வியாழக்கிழமை விடியும் முன்னால் அவன் போனதும், வந்து பார்ப்பதற்குள் முடித்துவிடலாம் என்று ஆட்களைச் சாரத்தில் ஏற்றினேன். வானம் மூட்டமாக இருந்தது. மழை வரும் போலிருக்கிறது, நாளைக்கு அடிக்கலாம் என்று என் ஆட்களே சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சீக்கிரம் ஓடட்டும் என்று பெயின்டில் தண்ணீரைக் கொஞ்சம் தூக்கலாகவே கலந்தேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இறங்கும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அம்மா, இது காய்கிற வரைக்கும் ஒரு சொட்டு விழக்கூடாது என்று வேண்டினேன்.

அரை மணி நேரத்தில் மழை கொட்டியது.

அப்படி ஒரு மழையை ஆவணியில் நான் பார்த்ததில்லை. சுவரில் நீலம் கோடு கோடாக வழிய ஆரம்பித்தது. ஆண்டவரே, உன் கோயிலுக்குத்தானே செய்தேன், உனக்குக் கண்ணில்லையா என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, நின்று பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் ரீட்டா நனைந்துகொண்டு நின்றாள். மற்ற போட்டுகள் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டன. தாஸின் வலை எதிலோ சிக்கி, அதை எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் தகவல். அவன் போனும் சுவிட்ச் ஆஃப்.

கரைக்கு ஓடினோம். கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தது. எண்ணூர்ப் புகைபோக்கிகள் இருந்த இடமே தெரியவில்லை. அலை கல்லில் மோதி ஆள் உயரம் எழும்பியது. மழை விடாமல் யாரும் தேடிப் போக முடியாது என்று பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்போது ரீட்டா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கோபுரமாவது அவனுக்குத் தெரியும் இல்ல?"

அன்று நான் என்ன வேலை செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. தலையைக் குனிந்தபடியே உள்ளே போய்ப் பீடத்துக்கு முன்னால் விழுந்தேன்.

முதலில் என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்றெல்லாம் பேரம் பேசினேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு உள்ளதைச் சொன்னேன். அம்மா, நீலம் உனக்காக இல்லை, என் பேருக்காக. அவன் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அடித்தேன். அவன் வழியை அழித்தவன் நான். உன் மகனிடம் கேட்டு அவனைக் கரை சேர்த்துவிடு. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே கூச்சல் கேட்டது. என்ன சேதி என்று தெரியாமலே கரைக்கு ஓடினேன். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் எங்கள் குப்பத்தில் ஒரே கூச்சல்தான்.

கரையில் தாஸ் மணலில் உட்கார்ந்திருந்தான். கூடப் போன ஆளும் பத்திரம். ரீட்டா தம்பியை முதுகில் நாலு போடுவதும் கட்டிக்கொள்வதுமாக இருந்தாள். தாஸ் என்னைப் பார்த்தான். பல நாளுக்குப் பிறகு என்னோடு பேசினான்.

"மாமா, நீ நல்லா இருப்ப. கடல் பக்கம் மட்டும் அடிக்காம வுட்டியே. மழைல ஒண்ணுமே தெரில. அந்த வெள்ளை மட்டும் தெரிஞ்சுது. அத்த புடிச்சினு வந்துட்டேன்."

திரும்பிக் கோயிலுக்கு ஓடினேன். மூன்று பக்கமும் நீலம். கடல் பக்கம் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளை. அன்று நான் அடித்த நீலம் முழுவதும் கோபுரத்தின் காலடியில் குட்டையாகத் தேங்கி நின்றது.

பெயின்டரைக் கேட்டால் காரணம் சொல்வான். தண்ணீர் அதிகம், ஈரக்காற்று, காயவில்லை, கழுவிவிட்டது. நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இத்தனை வருடத்தில் மழை பட்ட சுவர் திட்டுத் திட்டாக நின்றுதான் பார்த்திருக்கிறேன். துடைத்து வைத்ததுபோல் ஒரு சுவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

திரும்பிப் போய் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். "அடிச்சேன்டா தாஸ். நீ கடல்ல இருக்கசொல்லோ, உனக்குத் தெரியாம அடிச்சேன்." ரீட்டா இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. தாஸ் அடுத்த நாள் காலையில் சாரத்தில் ஏறி என்னோடு வெள்ளை அடித்தான். நாலு பக்கமும். அந்த உச்சியில் நின்றுதான் கேட்டேன், கோபுரத்தை ஏன் பின்னால் கட்டினார்கள் என்று. முன்வாசலுக்கு நடந்து வருகிறவனுக்குத்தான் வழி தெரியுமே மாமா, கடலிலிருந்து வருகிறவனுக்குத்தானே அடையாளம் வேண்டும் என்றான்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். வாய் இன்னும் நீளம்தான். ஆனால் ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் இப்போது தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஜெபம் செய்யும்போது, நான் கேட்பது தப்பாக இருந்தால் கொடுக்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்களில் யாராவது, கேட்டது கிடைக்கவில்லை என்ற கோபத்தோடு உட்கார்ந்திருக்கலாம். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், அவர் தாங்குவார். திட்டிவிட்டு எங்கேயும் போய்விடாதீர்கள், திரும்பி அவர் காலடிக்கே வாருங்கள். ஆண்டவருக்கும் அன்னைக்கும் கோடி நன்றி. ஒரு சொட்டு விழக்கூடாது என்று நான் கேட்டது மட்டும் அன்று பலித்திருந்தால், ரீட்டாவுக்கு இன்று தம்பி இல்லை.