தட்டுச் சங்கத்தில் ஒரு சங்கக்கடை மனேஜர்

தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமாகத் தள்ளிக்கொண்டு வருகிறபோதே பாலேந்திரா நின்றுவிடுவார். பின்னால் கார்க்காரன் ஹோர்ன் அடிப்பான். அவர் அசையமாட்டார். கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்ப்பார். கோலியர்ஸ் வுட் சூப்பர் மார்க்கெட்டின் கார் தரிப்பிடத்துக்கு மேலே அப்படி என்ன அதிசயம்? ஹீத்ரோவுக்கு இறங்கப்போகிற விமானம்தான். "பிரச்சினை இல்லை, சனம் ஏத்துறது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மறுபடி தள்ளத் தொடங்குவார். மழையென்றாலும் பனியென்றாலும் இதே கதைதான்.

எங்கள் வீட்டு மாடியில் உள்ள சின்ன அறை அவருடையது. அறை பார்க்க வருகிறவர்கள் ஹீற்றர் வேலை செய்யுமா, குளியலறை எத்தனை பேருக்கு என்று கேட்பார்கள். இவர் வந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கை எத்தினை பேர் குந்தலாம், பிள்ளை?"

"அது தூசு உறிஞ்சிற ஹூவர் வைக்கிற இடம் அண்ணை."

"ஹூவரை வெளியில எடுத்தால் நாலு பேர்" என்றார். மாடி அறையை எட்டியும் பார்க்காமல், வாடகைக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார். விசர் மனிசன் ஒருவரை வீட்டில் ஏற்றிவிட்டேனோ என்று அன்று பயந்தேன். இன்றைக்கும் அந்தப் பயம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஊரில் அவர் இருபது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். சீனி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் கூப்பனுக்கு அளந்து கொடுத்த கை. அந்தக் கை இன்னும் அடங்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது கரண்டியின் மேலே விரலால் வழித்து மட்டமாக்கிவிட்டுத்தான் போடுவார். கார் தரிப்பிடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வண்டிக்குக் கை நீட்டினால், "லைன் பிளீஸ்" என்பார். இரண்டு பேரில் என்ன லைன் என்று கேட்டால், "ஒராள் முன்னால, ஒராள் பின்னால. அதுதான் லைன்" என்பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வெள்ளைச் சேட்டும் மண்ணிறக் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு பொது நூலகத்தின் மேல்மாடிக்குப் போவார். அங்கே பறக்கும் தட்டுகளை ஆராய்கிற ஒரு சங்கம் கூடும். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர், ஒரு பிஸ்கற் தட்டு, நடுவில் எங்கள் மனேஜர். நம்முடைய சனம் விடுமா? 'தட்டு பாலேந்திரா' என்று பட்டம் வைத்துவிட்டது. கோயிலில் கண்டால், "என்ன அண்ணை, செவ்வாய்க் கிரகத்தில வீடு பாத்திட்டியளோ?" என்று கேட்பார்கள். அவர் கோபிக்கமாட்டார். "உங்களுக்கும் ஒண்டு பாக்கட்டோ?" என்பார்.

எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று ஒருநாள் கேட்டேன். தமிழ்ப் பேப்பர் பார்க்க நூலகத்துக்குப் போனவராம். சுவரில் ஒரு நோட்டீஸ். 'வானத்தில் எதையாவது கண்டீர்களா? அப்படி ஒன்று நடக்கவில்லை என்று அரசாங்கம் சொல்கிறதா? எங்களிடம் வந்து சொல்லுங்கள்.'

"எனக்கெண்டே எழுதி ஒட்டின மாதிரிக் கிடந்தது" என்றார்.

அவர் கண்டது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கனநாளைக்குப் பிறகு சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருந்தது. வரிசை சந்தி வரைக்கும் நீண்டது. அடுத்த பீப்பாயை உருட்டிவர இவர் கடைக்குப் பின்னால் போனார். மேலே ஒரு விமானம் மெதுவாகப் போனது. அதிலிருந்து ஏதோ உருண்டு உருண்டு வந்தது. "ஒரு அவசரமும் இல்லாமல் வந்தது, பிள்ளை. நான் பின்னால நிண்டனான். வரிசை முன்னால நிண்டது." இதற்குமேல் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

அன்றிரவு அரசாங்கச் செய்தியில், அந்தப் பகுதியில் குண்டே விழவில்லை என்றார்கள். இவர் செத்தவர்களின் பெயர்களை வெளிநாட்டு நிருபர் ஒருவரிடம் சொன்னார். பிறகு கொழும்புக்கு வந்த இடத்தில் இவரைப் பிடித்து அடைத்து, விழாத குண்டைப் பற்றி ஏன் கதை கட்டினாய் என்று கேட்டு அடித்தார்கள். தப்பி லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். அன்றைக்கு அங்கே குண்டு விழுந்ததற்கு ஆதாரமில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். குண்டு விழவில்லையென்றால் அடியும் இல்லை, அகதியும் இல்லை. மனைவி சந்திரவதனாவும் மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கிடந்தார்கள். இவருக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "என்னவாம்?"

இந்த நிலைமையில்தான் மனிதர் தட்டுச் சங்கத்தில் எழுந்து நின்று தன் கதையைச் சொன்னார். பிறகு ஒரு கிழவி கையை உயர்த்தி, என்ன நிறம் என்று கேட்டாள். கறுப்பு, ஒரு பக்கத்தில் வெள்ளை எழுத்து என்றார். சத்தம் முதலில் கேட்டதா, பொருள் முதலில் தெரிந்ததா என்று அடுத்த கேள்வி.

"ஊரில, கொழும்பில, இங்கத்தை ஒபிஸ்ஸில, ஒருத்தரும் என்னட்டை என்ன நிறம் எண்டு கேக்கேல்லைப் பிள்ளை" என்றார் பாலேந்திரா. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்துவிட்டேன்.

நிறம் கேட்ட கிழவி மிஸிஸ் பார்க்கர். தொலைபேசி நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். ஐம்பதுகளில், இளம்பெண்ணாக இருந்தபோது, ஆற்றுக்கு மேலே ஒரு வெள்ளித் தட்டு நின்றதைக் கண்டாளாம். வெளியே சொன்னதும் மழைக்கோட்டுப் போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, நீ கண்டது காலநிலைப் பலூன், இனி இதைப்பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கட்டிய புருஷன்கூட அவளைக் கடைசிவரை நம்பவில்லை. இதைக் கேட்ட பாலேந்திரா, "கதவைத் தட்டிப்போட்டோ வந்தவை?" என்று விசாரித்தார். ஆமென்றாள். "நல்ல அரசாங்கம்" என்றார்.

முதன்முதலாக அவர்களோடு எப்ஸம் மேட்டுப் புல்வெளிக்கு வானம் பார்க்கப் போனபோது அவர் மானம் போனது. எல்லோரும் மடக்குக் கதிரைகளில் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் திடீரென்று "விழுந்து படுங்கோ!" என்று தமிழில் கத்தி, மிஸிஸ் பார்க்கரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் மற்றவர்களுக்கு ஹெலிகொப்டர்ச் சத்தமே கேட்டது. கிழவியின் புதுக்கோட்டு முழுக்கச் சேறு. வேறு யாரென்றாலும் ஆளைக் கலைத்திருப்பார்கள். இவர்களோ, இந்தச் சாட்சிக்கு நம்மைவிட முந்திக் கேட்கிறது என்று வியந்து அவரை ஆய்வுக் குழுவில் சேர்த்தார்கள். "காதாலயோ கேட்டது? முதுகால கேட்டது" என்றார் வீட்டுக்கு வந்து.

மேன்முறையீட்டு நாள் நெருங்கியது. எங்கள் ஆட்களின் கேஸ்களைப் பார்க்கிற வாசுதேவன் வீட்டுக்கு வந்தார். சட்டத்தரணியின் கந்தோரில் வேலை, கெட்டிக்காரர்.

"அண்ணை, செவ்வாயை விடுங்கோ. வியாழக்கிழமை பக்கத்து ஊரில விழுந்தது பேப்பரில வந்திருக்கு. நீங்கள் அங்க நிண்டனான் எண்டு சொன்னால் காணும். தட்டுக் கதையை வாயில எடுக்காதேங்கோ. உந்தக் கூப்பன் மனிசியின்ர கதையும் வேண்டாம்."

கூப்பன் மனிசியின் கதை ஒரு சின்ன விஷயம். அன்று காலை வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் கூப்பன் இல்லை. வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டாள். மனேஜர் மசியவில்லை. போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் திட்டிக்கொண்டே போனாள். எங்கே, யாரிடம் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்வார். கேட்பவருக்கு இவர் கல்நெஞ்சுக்காரனாகத் தெரியும் என்பது வாசுதேவனின் கவலை.

நானும் வாசுதேவன் பக்கம்தான். ஒளிப்பானேன்? மனைவியும் பிள்ளையும் லொட்ஜில் கிடந்து வாட, இந்த மனிதருக்குச் செவ்வாய் என்ன, வியாழன் என்ன? கோபத்தில் கேட்டும் விட்டேன்.

"வியாழக்கிழமை செத்தவை வேற ஆக்கள், பிள்ளை" என்றார். "அவையை நான் எடுத்தால், செவ்வாய்க்கிழமை செத்தவைக்கு ஆர் இருக்கினம்?"

வாசுதேவன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மிஸிஸ் பார்க்கர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒருவர் கண்டது காட்சி, அவரை அறியாத இன்னொருவரும் கண்டால்தான் சாட்சி; சங்கத்தின் விதி அது. என்னையும் இழுத்துக்கொண்டு ஹரோவுக்கு ரெயில் ஏறினாள். அங்கே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. பெற்றோர் நடைபாதையில் காத்திருந்தார்கள். ஊரின் பெயரையும் தேதியையும் மட்டும் சொல்லி, அன்று வானத்தில் யாராவது எதையாவது கண்டீர்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். "எங்கட வானத்தில ஒண்டும் வராத நாளைச் சொல்லுங்கோ, அதுதான் புதினம்" என்று ஒருவர் சிரித்தார். மூன்றாவது சனிக்கிழமை, பின்னால் நின்ற ஒரு பெண் முன்னே வந்தாள். பெயர் தவநாயகி.

"நான் அந்தச் சங்கக்கடை வரிசையில நிண்டனான்" என்றாள். "அந்த அறுவான் மனேஜர் கூப்பன் இல்லையெண்டு திருப்பிக் கலைச்சுப்போட்டான். வீட்டை வந்து பெட்டிக்கை தேடிக்கொண்டிருக்கேக்கைதான் சத்தம் கேட்டது."

கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸிஸ் பார்க்கர் என் காதுக்குள், பாலேந்திரா எங்கள் வீட்டில் இருப்பதை இவளிடம் சொல்லக்கூடாது, இவள் சொன்னதை அவரிடமும் சொல்லக்கூடாது என்றாள். சாட்சிகள் பேசிக்கொண்டால் சாட்சி கெட்டுவிடுமாம்.

வீட்டுக்கு வந்தால் மனிதர் வாசலில் நிற்கிறார்.

"ஆளைக் கண்டியளோ?"

"கண்டம்."

"வரிசையில நிண்ட ஆளோ?"

"ஓம்."

"முழுசா இருக்கோ?"

"முழுசா இருக்கு அண்ணை."

"ஆரெண்டு சொல்லாதேங்கோ. விதி விதிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டார்.

விசாரணை மண்டபத்தில் தவநாயகி நடந்ததைச் சொன்னாள். வரிசை, கூப்பன், பெட்டி, சத்தம். இந்த மனிதரைத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "இவர்தான்" என்றாள். "இவர்தான் என்னைக் கலைச்சவர்."

பாலேந்திரா எழுந்துவிட்டார். எழும்பக்கூடாது என்று வாசுதேவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவருக்கு அது தெரியவில்லை.

"கூப்பன் எடுத்தனீங்களோ, அம்மா?"

"எடுத்தனான்" என்றாள் தவநாயகி. "கொண்டு வரத்தான் கடை இல்லை."

மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி பேனையை மேசையில் வைத்தார். விசா கிடைத்தது. தட்டுச் சங்கம் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது என்று வாசுதேவனே இப்போது சொல்லித் திரிகிறார்.

விசா வந்த பிறகும் அவர் சங்கத்தை விடவில்லை. "உண்மையாத் தட்டுக் கிட்டு இருக்கெண்டு நம்புறியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் ஒண்டும் காணேல்லை" என்றார். "ஆனால் நான் கண்டதை அந்த மனிசி நம்பினவ. அவ கண்டதை நான் நம்பாமல் விடுறதோ?"

சந்திரவதனாவும் மகளும் இந்த வசந்தத்தில் வந்து சேர்ந்தார்கள். "ஊரில வானம் பாத்தது காணாதெண்டு இஞ்சையும் வந்து பாக்கிறார்" என்று சந்திரவதனாவுக்கு அலுப்பு. ஆனாலும் சென்ற சனிக்கிழமை வாழைப்பழ வாய்ப்பன் சுட்டு எடுத்துக்கொண்டு எங்களோடு எப்ஸம் புல்வெளிக்கு வந்தாள். வெயில் சாயாத கோடை மாலை. மிஸிஸ் பார்க்கர் மூன்றாவது வாய்ப்பனில் இருந்தாள். மரங்களுக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு ஹெலிகொப்டர் எழும்பியது. சந்திரவதனா மகளை இழுத்துக் கீழே தள்ளி, தானும் முகங்குப்புற விழுந்து, பிடரியில் கையைக் கோர்த்துக்கொண்டாள். மடக்குக் கதிரைகள் எல்லாம் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை.

பாலேந்திரா நின்றபடியே நின்றார். கையிலிருந்த பிளாஸ்கை இறுக்கி மூடி ஓரமாக வைத்தார். பிறகு மனைவிக்குப் பக்கத்தில் போய்ப் புல்லில் மல்லாந்து படுத்தார். முழங்கால் வருத்தக்காரி மிஸிஸ் பார்க்கரும் முனகிக்கொண்டே கதிரையை விட்டிறங்கி, மகளுக்கு அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஹெலிகொப்டர் எங்களுக்கு நேர் மேலே வந்தது.

"மேல பாரும், சந்திரா" என்றார் அவர். பிடரியில் பூட்டியிருந்த மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தோளைப் பிடித்து, மெல்ல மல்லாக்கத் திருப்பினார்.