சாயாத்தூள் போட்ட ஆர்க்கிட்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுப்புராஜுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அதற்கும் பதில் வைத்திருப்பார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக ஒரே ஹோட்டலில் சாயா போடுகிறார். படகு நேரம், பல்வலி மருந்து, ஆதார் திருத்தம் என்று யார் எதைக் கேட்டாலும் பாய்லரைவிட்டு நகராமலே சொல்லிவிடுவார். பாதி சரியாகவும் இருக்கும்.

அதை நம்பித்தான் பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி, மகளைப் பார்க்கக் கிளம்பும்போது தன் ஆர்க்கிட் சட்டியை அவரிடம் கொடுத்தார். காலமான கணவர் கடைசியாக வைத்த செடி. வேர்கள் சட்டியின் ஓட்டை வழியெல்லாம் பிதுங்கித் தொங்கின.

“சுப்புராஜே, இதுக்கு இந்தச் சட்டி போரா. பெரிசு ஒண்ணுல மாத்தி வைக்கணும், கேட்டோ? அறியுமல்லோ?”

“என்ன சேச்சி, இதெல்லாம் ஒரு வேலையா?” என்றார். ஆர்க்கிட்டை அவர் தொட்டதே அன்றுதான்.

பெரிய சட்டி, நல்ல செம்மண், அதன்மேல் ஹோட்டலில் வடிகட்டிக் கொட்டிய சாயாத்தூள். அவர் வீட்டு ரோஜா அதைத் தின்றுதான் குலுங்கிப் பூக்கிறது. தொங்கிய வேரையெல்லாம் உள்ளே திணித்தார், மண்ணைக் குத்தி இறுக்கினார், இரண்டு வேளையும் தண்ணீர் விட்டார்.

“யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மனைவி வீரலட்சுமி. அது அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பதறிப்போய்த் தோண்டினார். வேர்கள் கொழகொழவென்று கையோடு வந்தன. ஒன்றே ஒன்றின் நுனி மட்டும் பச்சையாக இருந்தது. அன்றைக்கு அவர் போட்ட சாயா ஒன்றிலும் சர்க்கரை இல்லை.

கமலாக்ஷி திரும்பி வந்த நாளில் வெயில், மழை, சட்டி செய்தவன் என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார். சேச்சி ஆசையாகச் செடியைத் தேடியதைப் பார்த்ததும் மூன்றும் ஓடிப்போயின. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எனக்கு இதப்பத்தி ஒண்ணுமே தெரியாது சேச்சி. தெரிஞ்ச மாதிரி நடிச்சு வேரை அழுக வச்சுட்டேன்.”

கமலாக்ஷி அந்த ஒற்றை வேரைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், எல்லாம் அறியும். முப்பது வருஷத்துல ஒரு தடவையும் இப்படி வந்து நின்னு சொன்னதில்ல. போ, தேங்காய்த் தொண்டும், அதான் மட்டை, கரியும் கொண்டு வா. இதுக்கு மண்ணே ஆகாது.”

சுப்புராஜ் வாசல்வரை போய் நின்றார். திரும்பி வந்தார்.

“பச்சை மட்டையா சேச்சி, காஞ்ச மட்டையா?” என்று கேட்டார்.