வாசலுக்கு வெளியே சார்

எங்கள் தெருவில் இந்தப் பக்கச் சாரியில் பதினான்கு வீடுகள். அவற்றில் தறி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடும் வழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. சென்ற ஆண்டு மீதிப் பதின்மூன்று வீடுகளுக்கும் நான் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தேன்.

துபாயில் கணக்கு வேலையில் இருந்த என் மகன், அங்கேயே பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவளுக்கு முன்பே எட்டு வயதில் ஒரு மகள் உண்டு. ஒரகடத்தில் வேலை கிடைத்ததும் மகன் இருவரையும் சுற்றுலா விசாவில் அழைத்து வந்துவிட்டான். இங்கே வந்தபின் குடும்பத்தோடு தங்குகிற விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் நினைப்பு. மாறாவிட்டால் இருவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். அதையும் வந்த அன்றே சொன்னான்.

வாடகைக் காரிலிருந்து சாமான்கள் இறங்கின. ஐந்து பெட்டி, ஒரு கரடி பொம்மை. பக்கத்து வீட்டு நெசவாளர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டபடி வந்து, “யாருண்ணே, பார்ட்டியா?” என்று கேட்டார். பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களை நாங்கள் பார்ட்டி என்போம். வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். மகன் காருக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் “ஆமா” என்றேன்.

மற்றதைத் தெருவே பார்த்துக்கொண்டது. கேட்டவர்களிடமெல்லாம் நான் தலையை ஆட்டினேன். மாடியில் தங்கியிருக்கிறார்கள், என் மகன் ஊர் சுற்றிக் காட்டுகிறான், அவ்வளவுதான். அவன் விடிந்தால் வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறவன், ஆகவே எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை. என் மனைவிக்கு மட்டும் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சொன்னவரே போய் மாற்றிச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். நான் போகவில்லை.

மருமகளை மறைத்தேன் என்பதைவிடக் குழந்தையை மறைத்தேன் என்பதுதான் சரி. அயல் தேசத்து மருமகள் என்றால் தெரு ஒரு வாரம் பேசிவிட்டு ஓய்ந்துவிடும். வேறொருவனுக்குப் பிறந்த பிள்ளையை என் பேத்தி என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தச் சிறுமியோ வந்த முதல் நாளிலிருந்து என்னைத் தாத்தா என்றாள், என் மனைவியை ஆயா என்றாள். கைலாசநாதர் கோயிலில் என்னோடு சேர்ந்து தூண்களில் இருக்கும் சிங்கங்களைத் தமிழில் எண்ணினாள். திரும்பி வரும்போது தெருமுனை மளிகைக் கடைக்கு எதிரே “தாத்தா!” என்று உரக்கக் கூப்பிட்டாள். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் குனிந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வீட்டுக்குள் தாத்தா, வெளியே சார் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பள்ளியில் சொல்கிற விதியைக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் மருமகளை அழைத்துப் போய்ப் புடவைகளைப் பிரித்துக் காட்டினார். அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கும்பிட்டுவிட்டு வருவாள். “பார்ட்டி ரொம்ப கறாரு போலண்ணே. பிரிச்சுப் பிரிச்சு எனக்குக் கை நோவுது, ஒண்ணுகூட எடுக்க மாட்டேங்குது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விசாவுக்குக் கேட்ட காகிதங்களில் குழந்தையின் தகப்பனுடைய சம்மதக் கடிதமும் ஒன்று. அவன் அவளைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவன். அவன்கூட, என் மகள் இந்தக் குடும்பத்தோடு இந்தியாவில் வாழச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். அதை நகல் எடுத்து வந்தவன் நான்தான்.

ஒரு காலையில் விசா விசாரணைக்குக் காவலர் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுக்கு வராமல், அவள் என் மகனின் மனைவிதானா என்று முதலில் பக்கத்து வீட்டில் கேட்டார். நான் ஜன்னலருகே இருந்தேன். போலீஸ் என்றதும் எங்களுக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்துவிட்டார் அந்த நெசவாளர்.

“அவங்க பொடவ எடுக்க வந்த பார்ட்டி சார். மாடியில தங்கிக்கினு இருக்குது, அவ்ளோதான். கண்ணாலம் கிண்ணாலம்லாம் ஒண்ணும் கெடையாது. மரியாதையான குடும்பம் சார், நா கேரண்டி.”

காவலர் எங்கள் வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் எனக்குத் துணையாகக் கூடவே வந்து நின்றார். “இன்னா பெரியவரே, பேப்பர்ல மருமகள், பேத்தின்னு போட்டிருக்குது, இவரு வேற மாதிரி சொல்றாரு?” என்றார் காவலர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டுக் குழந்தை வந்து வாசற்படிமேல் நின்றாள். காவலர் என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டார்.

அவள் காலடியில் இருந்த படியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். படி உள்ளேயா வெளியேயா என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

“சார்” என்றாள்.

காவலர் எழுதுவதை நிறுத்தினார். “என் பேத்தி” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன். இவள் என் பேத்தி, உள்ளே இருப்பது என் மருமகள், பார்ட்டி என்று சொன்னது நான்தான், இவர்மேல் தப்பில்லை என்றேன். மருமகள் உள்ளே சமையலறையில் இருந்தாள். அவளுக்கு இன்னும் அவ்வளவு தமிழ் வராது என்பதில் அப்போதும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்தால் அதன்படி அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் காவலர் போனார். அன்று மாலை நான் முதலில் போனது அந்த நெசவாளர் வீட்டுக்கு. அவர் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் நின்றேன்.

“போலீஸ்காரன் முன்னாடி என்னப் பொய்யனா நிக்க வச்சிட்டீங்களேண்ணே” என்றார். தறியை நிறுத்திவிட்டு, “உன் மருமகள்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட நா வியாபாரம் பேசியிருப்பனா?” என்றார்.

அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தார். கையெழுத்துப் போட்டார். அவர் மனைவியும் போட்டார்.

விசா வந்துவிட்டது, இருவருக்கும். மகன் இனிப்பு வாங்கி வந்தான். நான் குழந்தையை உட்கார வைத்து, இனிமேல் எங்கேயும் தாத்தா என்றே கூப்பிடலாம் என்றேன். முன்புபோலவே தலையாட்டினாள். வீட்டுக்குள் கூப்பிடுகிறாள். தெருவில் என்னை அழைக்க வேண்டியிருந்தால் இரண்டையும் சொல்வதில்லை. கிட்டே வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.