வாய் திறந்தால்தான் தேநீர்

கணினிப் பெட்டியின் விலாவில் இடது காதை ஒட்டவைத்து, கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார் ஷர்ஷென். உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி தலையிலேயே இருந்தது. அதன் மடிப்பில் நிமிர்த்திய ஜெம் கிளிப் ஒன்று செருகியிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி புர்மகான் ரொட்டித் தட்டை ஏந்தியபடி ஒற்றைக் காலில் நிற்காத குறையாக நின்றாள்.

"தம்பி, ஒரு துண்டு பிட்டு வாயில போட்டுட்டாவது கேளேன்."

"உஸ்... மூச்சு விடாதீங்கக்கா. உள்ள சுத்துது. நிக்குது. மறுபடி சுத்துது. இருட்டுல செருப்பைத் தேடுறவன் மாதிரி எதையோ தேடுது."

நாரின் என்ற அந்த மலையூரில் யார் வீட்டிலாவது டிஸ்க் ஓடவில்லை என்றால் ஷர்ஷெனுக்குத்தான் ஆள் போகும். முன்பு கால்நடை மருத்துவருக்கு உதவியாளாக இருந்தவர். ஆட்டின் தாடையைப் பிளந்து மாத்திரை போட்டுப் பழகிய கை அது. "ஆடு எனக்கு இங்க வலிக்குதுன்னு சொல்லுமா? இதுவும் சொல்லாது. நாமதான் வரிசையாக் கேக்கணும்" என்பார். ஊரில் இருவர் சந்தித்தால் ஆடுமாடு நலமா, பிள்ளைகள் நலமா, கைகால் நலமா என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் வந்த காரியத்தைப் பேசுவது வழக்கம். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவிடமும் ஷர்ஷென் அதே மரியாதையைக் காட்டுவார். விளக்கு எரிகிறதா, மின் ஒயர் இறுகியிருக்கிறதா, பட்டை ஒயரை எலி கடித்திருக்கிறதா, திரையில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் போவார். "சீக்கிரம் பாருங்களேன்" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போச்சு, மறுபடியும் விளக்கிலிருந்து தொடங்குவார்.

அவர் பார்க்காத கூத்தே கிடையாது. ஒரு புதுமணத் தம்பதி, பெண் வீட்டு டிஸ்க்கையும் மாப்பிள்ளை வீட்டு டிஸ்க்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே தள்ளிவிட்டார்கள். பிரித்துவைத்தால் அபசகுனமாம். "ரெண்டையும் வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்கு விவாகரத்து வக்கீல் வேலையே தெரிஞ்சுபோச்சு" என்று அந்தக் கதையைப் போகிற வீட்டிலெல்லாம் சொல்லுவார்.

இன்னொரு விரதமும் உண்டு. டிரைவின் தட்டு தானாக வெளியே வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். "முதல்ல அது வாயத் திறக்கட்டும், அப்புறம் நான் திறக்கறேன்." ரொட்டியைத் தொடாமல் விருந்தாளி வாசல் தாண்டினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிற ஊர் இது. அதனால் அவர் வந்துவிட்டால் பெண்களுக்கு டிரைவைவிட ரொட்டியைப் பற்றித்தான் கவலை அதிகம்.

ஆனால் அன்று புர்மகானின் கவலை அதையும் தாண்டியது. பேரன் எலமானுக்குப் போன மாதம் முதலடிச் சடங்கு நடந்தது. குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி, ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருகிறவனிடம் கத்தியைக் கொடுத்து அறுக்கச்சொல்வார்கள். மருமகள் நூர்ஸாத்தின் பெற்றோர் மலைக்கு அந்தப் பக்கம் கொச்கோரில் இருக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்துப் பனி கொட்டிக் கணவாய் அடைபட்டுப்போனது. சடங்கு அவர்கள் இல்லாமலே முடிந்தது. புர்மகான் காத்திருக்கவே இல்லை, காலையிலேயே அறுத்துவிட்டாள் என்று எந்தப் புண்ணியவானோ சம்பந்தி அம்மாள் காதில் ஓதிவிட்டான். அதிலிருந்து அந்த அம்மாள் தொலைபேசியில் மகளோடு மட்டும்தான் பேசினாள்.

"நான் வாசல்ல நின்னு வழிபாத்தது டிஸ்க்குல இருக்கு, வந்து உங்க கண்ணாலயே பாருங்க" என்று புர்மகான் சவால் விட்டாள். இதோ, அவர்கள் கணவாயைத் தாண்டிவிட்டார்கள். படம் எடுத்தவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். வேறு பிரதி கிடையாது. இருக்கிற ஒரே டிஸ்க்கை டிரைவ் காலையில் விழுங்கிவிட்டு, படமும் காட்டாமல் தட்டையும் நீட்டாமல் கிடந்தது.

"அத்தை, அவங்க இப்பவே ஊர் எல்லைக்கு வந்திருப்பாங்க" என்றாள் நூர்ஸாத், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்தானே.

ஷர்ஷென் காதை எடுத்தார். மின்சாரத்தை நிறுத்தினார். தொப்பியிலிருந்து கிளிப்பை உருவி, டிரைவின் முகப்பில் ஊசிமுனை அளவுக்கு இருந்த ஓட்டைக்குள் செருகி மெல்ல அழுத்தினார். தட்டு விரலளவு எட்டிப்பார்த்தது. கிளிப்பைத் தொப்பியில் திருப்பிச் செருகிவிட்டு, மீதியைக் கையால் இழுத்தார். டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. பிறகு மின்சாரத்தைப் போட்டு, தன் பையிலிருந்த குதிரைப் பந்தய டிஸ்க்கை உள்ளே வைத்தார். எந்த வீட்டிலும் மக்கர் செய்யாத டிஸ்க் அது. அதையும் டிரைவ் படிக்கவில்லை.

"டிஸ்க் மேல பாவம் இல்ல. குத்தம் இவன் மேலதான்."

"வாய்தான் திறந்துடுச்சே தம்பி, ரொட்டி..."

"இப்பத் திறந்தது அதுவா? நான்ல பிளந்தேன். அது கணக்குல வராதுக்கா."

மறுபடி மின்சாரத்தை நிறுத்தி, டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தார். மூக்கை உள்ளே நீட்டி மோந்தார். மெதுவாக நிமிர்ந்து புர்மகானைப் பார்த்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. இதுக்குப் புகை போட்டீங்களா?"

புர்மகான் ரொட்டித் தட்டைப் பார்த்தாள். படம் எவ்வளவு தெளிவு, எவ்வளவு தெளிவு என்று தெருவே வந்து வியந்துவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா? வாரம் தவறாமல் சட்டியில் கங்கு அள்ளி, திருஷ்டி கழிக்கும் அதிராஷ்மான் விதையைத் தூவிக் கணினியைச் சுற்றி வந்தாள். இன்றைக்குச் சம்பந்தி கண் வேறு. காலையில் டிரைவின் தட்டைத் திறந்துவைத்து, புகை உள்ளே போகட்டும் என்று சட்டியை அதன் வாய்க்கு நேரே பிடித்தாள். பலன் கூடட்டும் என்று கொஞ்சம் ஆட்டுக்கொழுப்பும் போட்டாள்.

"கொழுப்பு வேறயா!" ஷர்ஷென் தலையில் கை வைத்துக்கொண்டார். "கண்ணு படக்கூடாதுன்னு அதோட கண்ணையே அவிச்சுட்டீங்களேக்கா! இங்க பாருங்க."

துவரம்பருப்பு அளவில் ஒரு கண்ணாடி லென்ஸ். அதன்மேல் மஞ்சளாக எண்ணெய்ப் படலம்.

"நீ திருஷ்டிய நம்பலையா தம்பி?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? லென்ஸ் நம்பாது. முதல்ல அந்தச் சட்டியைக் கொண்டுபோய் முற்றத்துல வைங்க."

சட்டி வெளியே போனது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டில் நனைத்து, உதறி, பிறந்த குட்டியின் கண்ணைத் துடைப்பதுபோல் லென்ஸைத் துடைத்தார். இரண்டாவது குச்சி. மூன்றாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

சம்பந்தி அம்மாள் கென்ஜெ, சால்வையைக்கூட அவிழ்க்காமல் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கணவர் பேரனைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் சேராமல் சன்னலோரம் போய்விட்டார்.

"எங்களுக்கென்ன, வான்னா வருவோம், இல்லேன்னா வீட்டுல கிடப்போம்" என்றாள் கென்ஜெ. "ஏதோ படம் காட்டுறேன்னாங்களே, அதுவும் முடிஞ்சுபோச்சா?"

புர்மகான் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். ஷர்ஷென் திருகாணிகளை முடுக்கி, ஒயர்களை மாட்டி, பொத்தானை அழுத்தினார். தட்டு தானாக வெளியே வந்தது. சடங்கு டிஸ்க்கை வைத்தார். உள்ளே போனது. சுழன்றது.

திரையில் பனி கொட்டியது. வாசலில், தலைத்துணியெல்லாம் வெள்ளையாகி, சாலையைப் பார்த்தபடி ஒருத்தி நின்றாள். படம் எடுத்தவனின் குரல் கேட்டது: "பெரியம்மா, கறி குழைஞ்சுபோச்சு, வெளிச்சமும் போகுது. ஆரம்பிக்கலாமா?" திரையிலிருந்த புர்மகான் திரும்பாமலே கத்தினாள்: "போடா! பிள்ளையோட தாத்தா பாட்டி வராம எவன்டா கயித்த அறுக்கறது?"

கென்ஜெ சால்வையின் முடிச்சை அவிழ்த்தாள். கடைசியில், இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் கயிறு அறுபட்டு எலமான் தத்தக்காபித்தக்கா என்று இரண்டடி வைத்து விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டு, புர்மகானின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அந்தக் குளிர்ல ஒரு சால்வை கூடவா இல்ல உனக்கு? கூறுகெட்டவளே" என்றாள். புர்மகான் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஷர்ஷென் ரொட்டியைப் பிட்டார். தேநீர்க் கிண்ணங்கள் வரிசையாகக் காலியாயின.

"என்ன தெளிவு! பனி ஒவ்வொண்ணும் தெரியுதே!" என்று கென்ஜெ திரையைப் பார்த்து வியந்தாள். புர்மகானின் கை தானாக விதைப் பொட்டலம் இருந்த பரணுக்குப் போனது. "அக்கா!" என்று ஷர்ஷெனிடமிருந்து ஒரு அதட்டல். கை திரும்பியது. "இந்தத் தம்பிக்குத்தான் என்ன கை! இப்படி ஒரு கைய நான் எங்கயும் பாத்ததில்ல" என்று கென்ஜெ அவரையும் சேர்த்துப் புகழ்ந்தாள்.

ஷர்ஷென் விடைபெற்று வெளியே வந்தார். புர்மகான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் சட்டி இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்து கங்கை ஊதினார். இரண்டு கைகளையும் புகையில் காட்டித் திருப்பினார். பிறகு தொப்பியிலிருந்து கிளிப்பை எடுத்து, புகைக்குமேல் மூன்று முறை சுற்றிவிட்டு, பழையபடி மடிப்பில் செருகிக்கொண்டார்.